பாண் ஓட்டோ ஓடிய ஒரு நிமிடம்

நான் வாயைத் திறந்தால் இலேசில் மூடமாட்டேன். கல்யாணம் முடிந்த மறுவாரமே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். தாதிமாருக்குப் பாடம் எடுப்பது என் தொழில் என்பதால் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்டியில் வகுப்பறையில் நான் கத்தினால் வாசலில் நிற்கும் காவலாளிக்கும் பாடம் விளங்கும்.

நோய் வந்து வீதிகளை மூடிய இரண்டாவது வருடம், சுகாதாரப் பகுதியினர் அந்தக் குரலை ஒரு போனுக்குள் அடைக்கச் சொன்னார்கள். தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொஞ்சம் படித்த இளம் பெண்களைத் தெரிந்தெடுத்து, ஆளுக்கொரு முகக்கவசப் பெட்டியும் காய்ச்சல் பார்க்கும் கருவியும் கொடுத்திருந்தார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பது அவர்கள் வேலை. கட்டுகஸ்தோட்டையில் என் சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு அவர்களைப் பழக்குவது என் வேலை. ஒருத்தியையும் நான் நேரில் கண்டதில்லை. டேட்டா முடிந்துவிடும் என்று முகத்தைக்கூடக் காட்டமாட்டார்கள். கறுப்புத் திரையில் வட்டம் வட்டமாகப் பூப்படம், சாமிப்படம், அவ்வளவுதான்.

"வெளங்கினதா?" என்பேன்.

"சரிங்க மிஸ்."

"என்ன வெளங்கின? செல்லுங்க பாப்பம்."

"சரிங்க மிஸ்."

யா அல்லாஹ், எனக்கு வரும் கோபம்! விளங்கினாலும் சரிங்க மிஸ், விளங்காவிட்டாலும் சரிங்க மிஸ். துரைமாருக்கும் கங்காணிமாருக்கும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சொல்லி வந்த சொல் அது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போன் வழியாக எப்படிப் பார்ப்பது?

அவர்களில் ஒரே ஒரு பிள்ளைதான் கொஞ்சம் வாய்க்காரி. அப்பாவும், ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவும், அக்காவின் புருஷனும், அவளுமாக ஒற்றை அறையான ஒரே லயக்காம்பராவில் இருந்தார்கள். நான் ஏசினால் சிரிப்பவள் அவள் ஒருத்திதான். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவி வரும், வரும் என்றார்கள். வரவில்லை. அதனால் மூச்சு எண்ணப் பழக்கினேன். ஒரு நிமிடத்தில் நெஞ்சு எத்தனை தரம் ஏறி இறங்குகிறது என்று எண்ண வேண்டும். இருபத்தைந்தைத் தாண்டினால் ஆளை உடனே ஆஸ்பத்திரிக்கு ஏற்ற வேண்டும். தாண்டாவிட்டால் ஏற்றக்கூடாது, கட்டில் இல்லை. மேலிடத்தில் இருந்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

எண்ணுவது சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் வாசலில் தள்ளி நின்று, இருட்டுக் காம்பராவுக்குள் படுத்திருப்பவரின் நெஞ்சைப் பார்க்க வேண்டும். நேரம் பார்க்கக் கண்ணை எடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். இவர்களுக்கோ தப்பிக்கொண்டே இருந்தது. அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு வொய்ஸ் பதிவு செய்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் எப்படி நிற்பது, எங்கே பார்ப்பது என்று என் வழக்கமான நீட்டி முழக்கம். பிறகு, "தொடங்குங்க." அதன்பின் சரியாக ஒரு நிமிடம் அமைதி. கடைசியில், "போதும், நிறுத்துங்க." கண் நெஞ்சில் இருக்கட்டும், காதில் என் குரல் இருக்கட்டும் என்றேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த ஒரு நிமிட அமைதிக்குள் எங்கள் வீட்டு முன் ஒழுங்கையால், ரொட்டி விற்கும் பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டது. ஊர் அடங்கிக் கிடந்த அந்த நாட்களில் அது ஒன்றுதான் துணிந்து ஓடியது. அது போனால் பாலத்துப் பக்கம் அம்புலன்ஸ் சத்தம், அதுவும் ஓய்ந்தால் பள்ளிவாசலில் இன்னார் மௌத்து என்ற மரண அறிவித்தல்.

"திரும்ப எடுங்களே," என்றார் வீட்டுக்காரர்.

"ஏலாது. பாணும் சேந்து போகட்டும்," என்றேன்.

"ஒங்கட வொய்ஸ கேட்டு முடிக்க ஒரு பிளேன்டி குடிச்சி முடிக்கலாம். அந்தப் பிள்ளைகள் பாவம்."

அடுத்த வகுப்பில் அந்த வாய்க்காரப் பிள்ளை சொன்னாள்: "மிஸ், ஒங்க வொய்ஸ்ல பாண் ஓட்டோ பறக்குதுங்க!" எல்லா வட்டங்களுக்குள் இருந்தும் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன்.

காலையில் எண்கள் வரத் தொடங்கின. பதினாறு, பதினெட்டு, இருபது. ஒவ்வொன்றுக்கும் நான் பதிலாக ஒரு பூப்படம் போட்டேன். கண்டி ஆஸ்பத்திரிகளில் நடைபாதையிலும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று என் பழைய மாணவிகள் போன் எடுத்து அழுவார்கள். என் குழுவில் மட்டும் எல்லாரும் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்காற்று நல்லது போலும் என்று நினைத்தேன். ஆனாலும் மனதுக்குள் ஏதோ ஒன்று சரிப்படவில்லை. இவ்வளவு நல்ல எண்கள் எங்கிருந்து வருகின்றன?

அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கும் நோய் வந்தது. தினமும் அவளே எண்ணினாள். பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. காய்ச்சல் இறங்கியது. ஒரு காலையில் தேத்தண்ணியோடு எழுப்பப் போனபோது அவரிடம் உயிர் இல்லை. எண் நன்றாக இருந்ததால் நெஞ்சு வருத்தம், மாரடைப்பு என்று தோட்டத்தில் முடிவு செய்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். கொஞ்ச நாள் வீட்டில் இருங்க மகள் என்றேன், கேட்கவில்லை. மற்ற லயங்களுக்குப் போய் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த வாய் போய்விட்டது. எதற்கும் சரிங்க மிஸ் மட்டும்தான்.

பிறகு அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது.

"அக்காவுக்கு எப்பிடி ஈக்கி?"

"இருபதுதாங்க மிஸ்."

"எண் கெடக்கட்டும். ஆள் எப்பிடி?"

அவள் தயங்கினாள். "ரெண்டு வார்த்த பேசுனா நிறுத்திருதுங்க. படுக்க முடியலன்னு சொவத்துல சாஞ்சே இருக்குதுங்க. ஆனா இருபதுதாங்க மிஸ்."

இருபது என்றால் ஆள் படுத்துத் தூங்க வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருப்பவளுக்கு எப்படி இருபது வரும்? ஆனால் அந்த எண்ணைச் சொல்லி ஏற்றினால் ஆஸ்பத்திரி வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். வளைந்து வளைந்து இறங்கி, மறுபடியும் அந்த வளைவுகளில் ஏறினால் வழியிலேயே முடிந்துவிடும்.

"மகள், எனக்குக் கேக்க எண்ணுங்க. இப்பவே."

மச்சானின் போனில் என்னை மறுபடி அழைத்தாள். தன் போனில் என் வொய்ஸைப் போட்டாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

முதலில் கேட்டது என் குரலென்றே எனக்குத் தெரியவில்லை. கீச்சுக் கீச்சென்று யாரோ ஒருத்தி அவசரப்பட்டுக்கொண்டிருந்தாள். "தொடங்குங்க" என்றதும் அமைதி. அந்த அமைதிக்குள் பாண் ஓட்டோ வந்தது. தினமும் காலையில் கேட்கும் அதே பாட்டு, பேய் துரத்துவது போல ஓடியது. வந்த வேகத்திலேயே போயும்விட்டது. "போதும், நிறுத்துங்க."

"இருபத்தொன்னுங்க மிஸ்."

"அடியேய், நில்லு! என்னத்தப் போட்ட நீ?"

"ஒங்க வொய்ஸ்தாங்க மிஸ்."

"அது ஏன் இந்த ஓட்டம் ஓடுது?"

"ரெண்டு மடங்கு வேகத்துல வச்சிருக்குதுங்க. ஒங்க வொய்ஸ் எல்லாம் நீளமா இருக்குமுங்களா, அதனால எப்பவும் அப்பிடித்தாங்க கேப்போம்."

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க மிஸ்."

நான் கத்தவில்லை. வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் எனக்குக் கத்த வரவில்லை. அரை நிமிடத்தை ஒரு நிமிடமென்று அந்த மலை முழுக்க எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் பூ போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அந்தப் போன அணைச்சி வைங்க. அக்காட நெஞ்சப் பாருங்க. என்ட மணிக்கூட்டப் பாத்து நான் செல்றன். தொடங்குங்க."

எங்கள் சாப்பாட்டறைச் சுவரில் இருக்கும் மணிக்கூட்டின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நகரவே மாட்டேன் என்றது. போனுக்குள் அக்காவின் மூச்சு கேட்டது. சின்னச் சின்னதாய், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வந்தது. நான் எண்ணாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முள் சுற்றி முடியும்வரை நின்றேன்.

"நிறுத்துங்க. எத்தின?"

அவள் ஓர் எண்ணைத் தனக்குள் திரும்பச் சொல்லிப் பார்ப்பது கேட்டது.

"மகள், எத்தின?"

"நாப்பத்தி மூணுங்க மிஸ்."

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் மெத்தை போட்டு, மச்சானைத் துணைக்கு ஏற்றி, அக்காவைக் கண்டிக்கு அனுப்பினார்கள். வார்டில் இருக்கும் என் பழைய மாணவியை நான் போனில் பிடித்துக் கெஞ்சினேன். பிறகு குழுவில் இருந்த மற்ற எல்லாரையும் ஒவ்வொருவராகப் போனில் எடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து, தொடங்குங்க, நிறுத்துங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினாறுகள் முப்பதுக்கு மேலே போயின. இன்னும் சிலரை ஏற்றச் சொன்னேன். என் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரர் சுடுதண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் அஸர் தொழுகை முடித்து எழும்பும்போது அந்தப் பிள்ளை போன் எடுத்தாள்.

"அக்காவ உள்ள எடுத்துட்டாங்க மிஸ். ஒட்சிசன் வச்சிருக்காங்களாம். புள்ளைக்கும் துடிப்பு நல்லா இருக்குன்னு மச்சான் சொன்னாருங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றேன். கண்ணீர் வந்துவிட்டது. "தப்பிருவா மகள். இனிப் பயமில்ல." அக்கா தப்பியும்விட்டாள். பிள்ளையும் பிறந்தது. ஆனால் அது பிறகு.

நான் போனை வைக்கப் பார்த்தேன். அவள் வைக்கவில்லை. லயத்துக் கோழி கொக்கரிப்பது கேட்டது.

"மிஸ்."

"செல்லுங்க மகள்."

"அப்பாவுக்குப் பதினெட்டுன்னு சொன்னேனுங்களே."

காலையிலேயே என் தலைக்குள் அந்தக் கணக்கு முடிந்திருந்தது. அவளுக்கு அது வந்துவிடக்கூடாது என்றுதான் நாள் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன்.

"அதுவும் அந்த வொய்ஸ்லதாங்க மிஸ் எண்ணுனேன்."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே, "அது வேற மகள். அது நெஞ்சு வருத்தம்," என்றேன்.

"சரிங்க மிஸ்," என்றாள்.