காய்ச்சல் போன பிறகும் ஒரு மாத்திரை

இது நடந்து பதினோரு வருஷம் இருக்கும். அப்போது கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். கள்ளக்குறிச்சியில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் இறங்குவேன். நான் நர்ஸ் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு போட்ட பெண்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களுக்கு 'சிஸ்டரு'தான். நாலு மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு நானும் சிஸ்டராகவே ஆகிவிட்டேன்.

ஜன்னலோரம் என் மைக்ராஸ்கோப், சாயம் படிந்த விரல்கள், வரிசையாகக் காயும் ரத்தக் கண்ணாடிகள். வேலை என்றால் அதுதான் வேலை என்று இன்னும் மனசு ஏங்குகிறது.

அந்த ஆவணியில் ஒருவர் குளிர்காய்ச்சலோடு வந்தார். வெளிமாநிலத்தில் ரோடு வேலைக்குப் போய்த் திரும்பியவர். அவர் ரத்தத்தைப் பார்த்ததும் மலேரியா என்று தெரிந்தது, அதுவும் மூளைக்கு ஏறக்கூடிய பொல்லாத வகை. டாக்டர் மூன்று நாள் மாத்திரை எழுதினார். அதோடு இரண்டாம் நாள் ஒரே ஒரு வேளை மட்டும் போட வேண்டிய வேறு மூன்று மாத்திரை. மருந்தாளுநர் விடுப்பில் இருந்ததால் மாத்திரை கொடுப்பதும் அந்த வாரம் என் தலையில் விழுந்தது. எங்கள் கண்ணெதிரில்தான் விழுங்க வைக்க வேண்டும் என்பது விதி.

இரண்டாம் நாள் அவர் வெறும் வயிற்றோடு வந்தார். அந்த மூன்று மாத்திரையைச் சாப்பிடாமல் போட்டால் வயிறு புரட்டும். வெளியே பஸ்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸை விட்டால் வந்தவருக்கு எட்டு கிலோமீட்டர் நடை. அந்த மூன்றையும் பொட்டலமாகக் கையில் திணித்து, "சாப்பிட்டுட்டுத்தான் போடணும், மறந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். பதிவேட்டில் 'விழுங்கினார்' என்று டிக் போட்டேன். மூன்றாம் நாள் அவர் வந்தபோது அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. இத்தனைக்கும் நான் ஊருக்கெல்லாம் ஒழுங்கு சொல்கிற ஆள்.

அடுத்த வாரம் மறுபரிசோதனைக்குச் சிரித்த முகத்தோடு வந்தார். கையில் ஒரு பை சீத்தாப்பழம். காய்ச்சல் சுத்தமாக இல்லை. ஆனால் ரத்தம் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், காய்ச்சல் கொடுக்கிற கிருமிகள் போய்விட்டன, குட்டி வாழைப்பழம் போல வளைந்த கிருமிகள் மட்டும் அங்கங்கே கிடந்தன. இவை ஆளை ஒன்றும் செய்யாது. கொசு கடிக்கும்போது அதன் வயிற்றுக்குள் போய்ப் பெருகி, அந்தக் கொசு கடிக்கிற அடுத்த ஆளுக்குப் போகும். மூன்று நாள் மருந்துக்கு இவை மசியாது. அந்த ஒரு வேளை மாத்திரைதான் இவற்றுக்கு எமன்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மாத்திரை போட்டீங்களா இல்லையா?" என்று சத்தம் போட்டேன்.

"இல்ல சிஸ்டரு" என்றார் மெதுவாக. "காச்சல்தான் வுட்டுப்போச்சே. வூட்டுல அவளுக்கு நேத்துலேந்து ஒடம்பு காயுது. ஏழு மாசம் வேற. நல்ல மாத்திரையாச்சேன்னு போடாம எடுத்து வச்சிருந்தேன். இன்னிக்கி சோறாக்கி சாப்ட்டுட்டு போட்டுக்கோன்னு அவகிட்ட சொல்லிட்டுதான் வந்தேன். சாப்டாம போடக்கூடாதுன்னு நீங்க சொன்னத மறக்காம சொல்லிட்டேன்."

கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை கூடவே கூடாது. வயிற்றுப் பிள்ளையின் ரத்தத்தையே அது கெடுத்துவிடலாம். டாக்டரிடம் ஓடினேன். அவர் திட்டக்கூட இல்லை, "முதல்ல கிளம்புங்க" என்றார். அந்தப் பெண் இருந்த ஊரில் போன் சிக்னல் கிடையாது. வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பை நானும் அவள் கணவரும் பிடித்தோம். விஷயம் கேட்டதும் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் தாங்களாகவே இறங்கி வழிவிட்டார்கள்.

"அவளுக்கு இன்னா ஆவும் சிஸ்டரு?" என்று வழியில் அவர் ஒரு முறை கேட்டார். டிரைவரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன். ரோடு முடிகிற இடத்தில் ஜீப் நிற்பதற்குள் குதித்து, சாமை விளைந்த கொல்லையின் நடுவே ஓடினார். நான் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன்.

வீட்டுக்குள் ஒரே புகை. அவர் மனைவி கண்ணைக் கசக்கியபடி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தப் பொட்டலம், பிரிக்காமல்.

"வெறகெல்லாம் மழையில ஊறிப்போச்சு, அடுப்பு புடிக்கல. சாப்டாம போடக்கூடாதுன்னாரு, அதான் சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார் அந்தப் பெண். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாமல் அவர் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

இருவரையும் அதே ஜீப்பில் அழைத்து வந்தோம். டாக்டர் அந்தப் பெண்ணைப் பரிசோதித்தார், நான் ரத்தம் பார்த்தேன். மலேரியா இல்லை, மழைக்கு வந்த சளிக்காய்ச்சல்தான். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கணவரைக் கூப்பிட்டு, அவருடைய ரத்தத்தையே மைக்ராஸ்கோப்பில் காட்டினேன். மனைவியும் எட்டிப் பார்த்தார். "இத்தினியூண்டா?" என்றார்.

"இது உங்களை ஒண்ணும் பண்ணாது. உங்களைக் கடிச்ச கொசு உங்க சம்சாரத்தைக் கடிச்சா, பக்கத்து வூட்டுப் புள்ளையைக் கடிச்சா, அவங்களுக்குப் போவும். அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை" என்றேன். கோபத்தில் எனக்கும் ஊர்ப் பேச்சு வந்துவிடும், பயத்திலும் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் மறுபடியும் குனிந்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்.

"அப்போ இது எனக்கு இல்லியா? மத்தவங்களுக்கா?" என்றார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா, அன்னிக்கி பஸ்ஸு போனா போவுதுன்னு இங்கயே எதனா தின்னுட்டு போட்டுக்கினு நடந்தே போயிருப்பனே சிஸ்டரு."

குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தைக் கொடுத்தேன். சாப்பிட்டார். மூன்றையும் என் எதிரில் விழுங்கினார். பதிவேட்டில் போன வாரம் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு, டாக்டரிடம் உண்மையைச் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன்.

அந்த மாதம் முழுக்க அவர்தான் ராத்திரி கொல்லையில் பயிருக்குக் காவலாகத் தன்னோடு படுத்தவர்களை ஒவ்வொருவராக ரத்தம் கொடுக்கக் கூட்டி வந்தார். யாருக்கும் எதுவும் இல்லை. ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது, நல்லபடியாக.

இப்போது கீழே கள்ளக்குறிச்சியில் வேலை. பரிசோதனை அட்டையில் ஒரு சொட்டு ரத்தம் விட்டால் கால் மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடுகிறது, மைக்ராஸ்கோப்பைத் தொடுகிற நாட்களே குறைந்துவிட்டன. எப்போதாவது மலேரியா என்று ஒருவர் வந்தால், எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், அந்த ஒரு வேளை மாத்திரை எதற்கு என்று உட்கார வைத்துச் சொல்கிறேன். உனக்காக இல்லை, உன் பக்கத்தில் படுப்பவருக்காக என்று சொன்ன பிறகு, அதை வேண்டாம் என்று சொன்ன ஒரு மனுஷரை நான் இதுவரை பார்த்ததில்லை.