டில்ஷானி அக்காவின் சிவப்பு வரி

கொழும்பு கொட்டாஞ்சேனை டில்ஷானி அக்கா ஒருநாள் லீவு போட்டால், உலகத்துக் கணினிகள் எல்லாம் அன்று மத்தியானமே படுத்துவிடும். நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும். மேல்மாடிக் கட்டிலில் சம்மணமிட்டு, ஈரத்தலையில் துவாயோடு, மீன் அடைத்த மாலுபாணைக் கடித்தபடி, ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொல்ல ஆள் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த ஆள் நான்தான். பக்கத்து வீட்டு கிளின்ரன், கணக்குப் பரீட்சையில் இரண்டு தரம் விழுந்தவன். "நீ எப்ப என்ன குழப்படி செய்வாய் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அதுதான்டா வேணும்" என்று என்னைச் சேர்த்துக்கொண்டாள். டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் வயரைப் பிடுங்குவதுதான் என் உத்தியோகம்.

அவள் திருத்துவது டிரைவர். ஓட்டோ ஓட்டுகிறவர் இல்லை. கணினியின் அடிவயிற்றில், கெர்னல் என்கிற மூளைக்கும் டிஸ்க்குக்கும் நடுவே செய்தி கொண்டு ஓடுகிற நிரல். பலபேர் பல காலத்தில் எழுதியது. டிஸ்க் எழுதத் தவறினால் ஒரு பகுதி 'மைனஸ் ஒன்று' என்கிறது, இன்னொன்று 'பூச்சியம்' என்கிறது, மற்றது வாயே திறக்காது. பூச்சியம் என்றால் கெர்னலுக்கு 'எல்லாம் சரி'. அப்படிச் சரி சரி என்றே எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்கள் பதியாமல் போயினவாம். இனி எல்லாப் பகுதியும் பிழையை ஒரே மாதிரிச் சொல்ல வேண்டும். அவளுடைய திருத்தம் ஒருமுறை ஏற்கப்படாமல் திரும்பி வந்துவிட்டது. திங்கட்கிழமை அனுப்புவதும் திரும்பினால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீட்டிலும் அவளுக்கு எதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவளுடைய அம்மா புளோறன்ஸ் அன்ரி, மீன்குழம்பு உண்டா என்று அவள் கேட்டால், "பார்ப்பம் பிள்ளை" என்பார்.

"பார்ப்பம் எண்டால் ஓமா, இல்லையா? இல்லையெண்டால் ஏன் இல்லை?"

"மீன்காரன் வரேல்லையடி! போதுமா?"

"போதும். இப்ப விளங்குது." பருப்போடு சந்தோஷமாகச் சாப்பிடுவாள்.

நேற்று, சனிக்கிழமை, நான் பிடுங்கப் பிடுங்க, திரையில் பிழை சொல்லும் சிவப்பு வரி ஒழுங்காக விழுந்தது. கடைசிச் சோதனைதான் மிச்சம். முன்பு அந்த இடத்தில்தான் கணினி அப்படியே உறைந்துபோனது. அவள் துவாய் நுனியை முறுக்குவதைக் கண்டேன். திரும்பவும் உறைந்தால் இந்த வேலை அவள் கையைவிட்டுப் போய்விடுமே. வயரைத் தொட்டேன், பிடுங்கவில்லை.

"பிடுங்கிட்டன் அக்கா! உறையேல்ல! பாஸ்!"

அவள் திரையைப் பார்த்தாள். "சிவப்பு வரி எங்க?"

"உங்கட டிரைவர் முழுங்கியிருக்கும்."

"முழுங்கியிருந்தால் எழுதின கோப்பு அரைகுறையாக் கிடக்கும். இது முழுசாக் கிடக்கு." திரும்பினாள். "அது இப்ப பொய் சொல்லாது. நீதான்டா சொல்லுறாய்."

என் கையைப் பிடித்து வயரின்மேல் வைத்து, தன் கையால் சேர்த்து இழுத்தாள். சிவப்பு வரி விழுந்தது. கணினி உறையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நீளமாய் மூச்சுவிட்டுச் சிரித்தவள், பிடித்த கையை விட மறந்து, மற்றக் கையால் என் காதைத் திருகினாள்.