சங்கு டீச்சருக்கு ழ வந்த கதை

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ஆலை இருந்தது. ஷிப்டு மாறும்போது அதில் சங்கு ஊதும். ஆலையை மூடிய பிறகும் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மணி ஒன்பது ஆகிவிட்டதை ஒண்ணாம் வகுப்பு டீச்சரின் தொண்டையை வைத்தே தெரிந்துகொண்டார்கள். "பசங்களா! வாயை மூடு! கையைக் கட்டு!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாவெல்லாம் எழுந்து ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வரும். சங்கு டீச்சர் என்று அம்மாக்கள் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், கடைசியில் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சரே வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இருக்காதா பின்னே? அந்தத் தொண்டைதானே அவளுக்குச் சொத்து. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே கண்ணை மூடிவிட்டார். காரியம் முடிந்த கையோடு வீட்டில் பங்கு கேட்டு வந்து நின்ற கொழுந்தனை, வாசற்படி தாண்டவிடாமல் அந்தக் குரலாலேயே தெருமுனை வரைக்கும் விரட்டினவள் அவள். மகனை வளர்த்ததும் அதே குரல்தான். மூன்று தெரு தள்ளி விளையாடிக்கொண்டிருப்பான். இவள் அடுப்படி ஜன்னலில் நின்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும், மட்டையைப் போட்டுவிட்டு ஓடி வருவான். இப்போது அவன் கப்பல் ஏறிப் போகிற தூரத்தில் வேலையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான். "போன் எதுக்கும்மா, நீ அங்கிருந்து கத்தினாலே இங்க கேக்கும்" என்று ஒவ்வொரு வாரமும் அதே கிண்டலைச் சொல்லுவான். ஒவ்வொரு வாரமும் அவள் சிரிப்பாள்.

அந்தக் குரலில் ஒரே ஒரு ஓட்டை உண்டு. 'ழ' வராது. நாக்கு மடங்கவே மடங்காது. பழம் அவளுக்குப் பளம், மழை மளை, ஏழு ஏளு. ஒண்ணாம் வகுப்பு டீச்சருக்கு ழ வராவிட்டால் எப்படி என்று கேட்காதீர்கள். அவள் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். பலகையில் ள எழுதி "இது சும்மா ள" என்பாள். பக்கத்தில் ழ எழுதி, கீழே வளைகிற இடத்தில் சாக்பீஸால் தட்டி "இது கொக்கி ள" என்பாள். பிள்ளைகளும் சமர்த்தாக "சும்மா ள, கொக்கி ள" என்று பாடுவார்கள். அப்புறம் டிக்டேஷன் போட்டால் ஒரு பிள்ளை விடாமல் 'பளம்' என்று எழுதி வைக்கும். அந்த ஊரில் பாதிப் பேர் இன்றைக்கும் கடைப் பலகையில் 'பளரசம்' என்று எழுதுவதற்கு அவள்தான் பொறுப்பு என்று பெரிய டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்லுவார்.

அப்படிப்பட்ட தொண்டை ஒரு நாள் நின்றுபோனது. காலையில் "பசங்களா" என்று வாயைத் திறந்தாள், வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே காய்ப்புக் காய்த்திருக்கிறது, இந்தப் பருவம் முழுக்கச் சத்தமே போடக் கூடாது, மீறினால் குரல் மொத்தமாகப் போய்விடும் என்றார். "சங்குக்கே சங்கு ஊதிட்டாங்களா?" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டாள். வாய்க்கொழுப்பு! இவளால் பதிலுக்குத் திட்டக்கூட முடியவில்லை.

பெரிய டீச்சர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "பேசாம ஆபீஸ்ல உக்காந்து எழுத்து வேலை பாருங்க. ஒண்ணாவதையும் ரெண்டாவதையும் சேத்துப் போட்டுக்கலாம்" என்றார். சேர்த்துப் போட்டால் அந்தப் பிள்ளைகள் கதி அதோகதிதான், அது இருவருக்குமே தெரியும். டீச்சர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்போதுதான் பெரிய டீச்சர் மூலையில் கிடந்த அட்டைப் பெட்டியைக் காட்டினார். வேறு எங்கேயோ ஒரு ஊரில் ஒண்ணாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒரு டீச்சர் காலமாகிவிட்டாராம். அவர் வகுப்புக்கென்று சேர்த்து வைத்திருந்த பொருளையெல்லாம் அவருடைய மகள் இந்தப் பள்ளிக்குத் தானமாக அனுப்பியிருக்கிறாள். "அதுல மைக்கு மாதிரி என்னமோ இருக்கு. உங்களுக்கு ஆகுதா பாருங்க."

பெட்டியைப் பிரித்ததும் ஒரு வாசனை வந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போன அறையின் வாசனை. உள்ளே மரத்தில் அறுத்த எழுத்துகள், கம்பியில் கோத்த எண்ணு மணிகள், துணி ஒட்டித் தைத்த கதைப் புத்தகங்கள், ஒரு டப்பா நிறைய கிரேயான். எல்லாமே புழங்கின சாமான். ழ எழுத்துக் கட்டையின் வளைவில் மட்டும் பெயின்ட் சுத்தமாகத் தேய்ந்து போயிருந்தது. எத்தனை பிள்ளைகள் விரல் வைத்துத் தடவியிருக்குமோ! எல்லாவற்றுக்கும் அடியில், இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கர் ஒன்றும், காதில் மாட்டினால் வாய்க்கு நேரே வளைந்து நிற்கும் மைக் ஒன்றும் இருந்தன. மைக்கின் நுனியில் இருந்த பஞ்சு ஈரமாக இருந்த மாதிரி அவளுக்குத் தோன்றியது. முந்தானையால் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் வகுப்பில் மரக்கட்டையைத் தூக்கிக் காட்டி, காற்றுப் போல மெல்ல, "பளம்" என்றாள்.

"பழம்" என்றது ஸ்பீக்கர்.

தெளிவாக, தேன் ஊற்றின மாதிரி. டீச்சர் குனிந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடியும் "மளை" என்றாள். இடுப்பிலிருந்து "மழை" என்று வந்தது. குரல் அவளுடையதுதானா என்றால், பாதி அவளுடையது. மீதி யாருடையதோ. பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். கத்தாமலே கையைக் கட்டினார்கள். கூரையில் ஒரு புறா அசையவில்லை.

மத்தியானம் கதைப் புத்தகத்தை எடுத்தாள். கிழட்டு ஆமை ஒன்று ஏழு முட்டை இட்டு, ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை. நடுவில் ஒரு பக்கம் கிழிந்து போயிருந்தது. சரி, தாண்டிவிடலாம் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள். ஸ்பீக்கர் மூடவில்லை. "அஞ்சாவது முட்டை எங்க போச்சு தெரியுமா? அது மழையில உருண்டு உருண்டு, ஒரு பாப்பாவோட செருப்புக்குள்ள போயித் தூங்கிடுச்சு" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பும் வரைக்கும் காத்திருந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். டீச்சர் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உதடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

பயந்துபோய்த் தூக்கி எறிந்திருக்கலாமே என்பீர்கள். எறிந்திருப்பாள். ஆனால் மூக்கொழுகி என்று ஒரு பெண் அந்த வகுப்பில் இருந்தாள். பெயருக்கு ஏற்றபடி மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், ஒரு கை எப்போதும் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து ஒரு எழுத்தைக்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. டீச்சர் சத்தம் போட்டால் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். அந்தப் பெண் இப்போது தானாக எழுந்து வந்து, மரக்கட்டையில் 'ம', 'ழை' என்று பொறுக்கி அடுக்கி, விரலை வைத்து, "மழை டீச்சர்" என்றாள். அதற்கு முந்தின நிமிஷம் வரைக்கும் ஊமை என்று பேசப்பட்ட பிள்ளை! டீச்சர் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டு அழுதுவிட்டாள். அழுகைச் சத்தம் மட்டும் ஸ்பீக்கரில் வரவில்லை.

அதற்குப் பிறகு வகுப்பைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கம்பியில் கூட்டல் போட்டார்கள். கிரேயானைத் தீர்த்துவிட்டு இன்னும் கேட்டார்கள். புத்தகத்துக்குச் சண்டை வந்தது. டிக்டேஷனில் எல்லாப் பிள்ளையும் 'பழம்' என்று எழுதியதைப் பார்த்துப் பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். "என்ன மாயம் பண்ணினீங்க?" என்றார். டீச்சர் சிரித்து வைத்தாள்.

ஒரு சாயங்காலம் கடையில், மைக் இல்லாமல், பை ஒரு கையும் குடை ஒரு கையுமாக நின்று, "ஒரு சீப்பு வாழைப்பழம் குடுப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கு தானாக மடங்கியிருந்தது. வாய்க்குள் யாரோ ஒரு விரலை விட்டு மடக்கின மாதிரி இருந்தது. வீட்டுக்கு ஓடி வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். பளம் என்று சொல்லப் பார்த்தாள். ஊஹூம். எவ்வளவு முயன்றாலும் "பழம்", "பழம்" என்றுதான் வந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகன், "என்னம்மா, தொண்டை தேறிடுச்சு போல. யாரோ மாதிரி அழகாப் பேசறே" என்றான். கத்தினாலே கேட்கும் என்கிற கிண்டலை அவன் அன்றைக்குச் சொல்லவில்லை.

போதும்டா சாமி என்று மறுநாள் ஸ்பீக்கரை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உள்ளே எங்கேயோ ஒளிந்துகிடந்த பழைய கரகரப்பை இழுத்து, "பசங்களா!" என்றாள். அவளுடைய குரல்தான். கிழிந்து நார் நாராகத்தான் வந்தது, ஆனாலும் அவளுடையது. அதைக் கேட்டு அவளுக்கே உயிர் வந்தது. பிள்ளைகள் நடுங்கிப்போனார்கள். மூக்கொழுகி பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். முன் வரிசையில் ஒரு வாண்டு எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, "எங்க டீச்சர் எப்ப வருவாங்க?" என்று கேட்டது.

அன்றைக்கு மத்தியானமே அலமாரியைத் திறந்துவிட்டாள். வேறு என்ன செய்வாள்?

தானம் அனுப்பிய மகள் அடுத்த மாதம் வகுப்பைப் பார்க்க வந்தாள். வராந்தாவில் பெரிய டீச்சரோடு பேசிக்கொண்டே வந்தவள், கதவுக்கு வெளியே அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஆமைக் கதை ஓடிக்கொண்டிருந்தது. செருப்புக்குள் முட்டை தூங்குகிற இடம். கதை முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடின பிறகுதான் அவள் உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அந்தப் பக்கத்தை நான்தான் டீச்சர் சின்ன வயசுல கிழிச்சேன். புத்தகத்துல செருப்பெல்லாம் கிடையாது. அழுதேன்னு எங்கம்மா எனக்காகக் கட்டிச் சொன்னது அது" என்றாள். டீச்சர் இடுப்பில் இருந்த ஸ்பீக்கரைக் கையால் காட்டினாள். "இந்தக் குரலு எங்கம்மாது."

 ஸ்பீக்கர், யாரும் கேட்காமலே, "சாப்பிட்டியா குட்டிமா?" என்றது.

அந்தப் பெண் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழுது முடிக்க வெகு நேரம் ஆயிற்று. அப்புறம் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு இது நல்லதில்ல டீச்சர். எங்கம்மாவுக்குப் பாடம் நடத்தணும்னா வேற எதுவும் கண்ணு தெரியாது. யாரு என்னன்னு பாக்க மாட்டாங்க. சாமானெல்லாம் பிள்ளைங்களுக்கு இருக்கட்டும், இதை மட்டும் நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

எடுத்துக்கொண்டு போ தாயி, இப்போதே எடுத்துக்கொண்டு போ என்று டீச்சருக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது. காதிலிருந்து மைக்கைக் கழற்றக் கையையும் தூக்கிவிட்டாள். அப்போது பார்த்து மூக்கொழுகி உள்ளே வந்தாள். வெளியே ஓடின பிள்ளைகளில் இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெஞ்சில் உட்கார வைத்து, அவர்களுக்கு எதிரே புத்தகத்தைத் தலைகீழாக இல்லாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, விரலை ஓட்டி, "ஒரு கிழட்டு ஆமை" என்று படிக்க ஆரம்பித்தாள். சத்தமாகப் படித்தாள். மூக்கைத் துடைக்கக்கூட நிறுத்தவில்லை.

டீச்சர் தூக்கின கையை இறக்கிக்கொண்டாள். "இருக்கட்டும்மா. பரீட்சை வரைக்குமாவது இருக்கட்டும்" என்றாள். அதைச் சொன்னது தானா, ஸ்பீக்கரா என்று அவளுக்கே தெரியவில்லை. தானம் அனுப்பிய மகள் அவளை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டு வெறுங்கையோடு புறப்பட்டாள்.

பரீட்சை வந்தது. ஒண்ணாம் வகுப்பில் ஒரு பிள்ளை மிச்சமில்லாமல் எழுத்துக் கூட்டாமலே படித்தது. பெரிய டீச்சர் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். டீச்சருக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் தூக்கமே இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தது. பிள்ளைகள் படித்த கதையை மகனிடம் சொல்ல வேண்டும் என்று அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து எடுத்தாள். ஸ்பீக்கரும் மைக்கும் பள்ளிக்கூட அலமாரியில் இருந்தன.

"ஹலோ?" என்றாள்.

 "ஹலோ, யாருங்க பேசறது? அம்மாகிட்டக் கொஞ்சம் குடுங்களேன்" என்றான் மகன்.

நான்தான்டா, அம்மாதான்டா என்று சொல்ல வாயைத் திறந்தாள். தொண்டை நரம்பெல்லாம் புடைக்க, அந்தக் காலத்தில் அடுப்படி ஜன்னலில் நின்று கூப்பிட்ட மாதிரி, மூன்று தெருவுக்கும் கேட்கிற மாதிரி கத்தப் பார்த்தாள்.

"அவங்க வெளிய போயிருக்காங்க தம்பி" என்றது வாய், இதமாக, ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக. "வந்தா சொல்றேன்."

"சரிங்க. அடுத்த வாரம் பண்றேன்னு சொல்லிடுங்க" என்று மகன் போனை வைத்துவிட்டான்.