லிஃப்டுக்குள் குடியேறிய இயக்குநர்

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை அயனி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காற்றை முழுக்க உறிஞ்சிய ஒரு எஃகுக் கலத்துக்குள், மின்புலம் கட்டிப்போட்ட அயனிகள் அந்தரத்தில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு கியூபிட், அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகு. லேசரை அளவாகக் காட்டினால் பூஜ்யம் ஒன்றாக மாறும். பாதி அளவு காட்டினால் இரண்டுங்கெட்டானாக நிற்கும். அந்த அளவைப் பிடிப்பதுதான் அவள் வேலை.

வீட்டில் இதற்கு மரியாதை இல்லை. "கண்ணுக்கே தெரியாததைக் கட்டிப் போடுறா, நம்ம பூனை மட்டும் தினம் அடுத்த வீட்ல கிடக்குது" என்பார் கணவர்.

சிக்கல் லிஃப்டால் வந்தது. சுவருக்கு அப்பால் அது ஏறி இறங்கும்போதெல்லாம், அதன் இரும்பு காந்தப்புலத்தைக் கலைத்துவிடும். கியூபிட்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. லிஃப்டைப் பார்த்துக்கொள்பவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

"காலையில கொஞ்ச நேரம் நிறுத்தி வையேன்டா."

"லிஃப்டுன்னா ஓடணும்க்கா. உன் அயனியை வேணா பொறுத்துக்கச் சொல்லு."

ஒரு காலை லிஃப்ட் தானாகவே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். நல்ல கனத்த உடம்பு, முன்கோபி. விஷயம் தெரியாத அக்கா லேசரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கியூபிட்கள் பெட்டிப் பாம்பாக அடங்கின. பூரித்துப்போய் வெளியே ஓடிவந்தவளுக்கு, கதவிடுக்கில் இயக்குநரின் காலணிகள் மட்டும் தெரிந்தன.

"சார், எல்லா கியூபிட்டும் கேக்குது!"

"முதல்ல என்னை வெளிய எடும்மா!"

"இன்னும் கொஞ்ச நேரம் மட்டும் சார்..."

காலணிகள் கதவுப் பக்கம் திரும்பின. பிறகு, "அவ்வளவு நல்லாவா வருது?"

"இதுவரைக்கும் இப்படி வந்ததே இல்ல சார்."

"அப்ப ஒரு ஸ்டூல் தள்ளு."

மறுநாள் லிஃப்டைக் காலியாக அதே இடத்தில் நிறுத்தினார்கள். கணக்கு எல்லாம் தப்பியது.

"சார் ஏறினா கயிறு இழுபட்டு லிஃப்ட் ஒரு விரல்கடை இறங்குதுக்கா. நீ அந்த உயரத்துக்குத்தானே லேசரைச் சரிபண்ணின?" என்றான் தம்பி.

நேற்று அதிர்ஷ்டத்தில் வாய்த்தது; மறுபடி அப்படிச் சரிசெய்ய மாதக்கணக்காகும். "அவர் எடைக்கு மணல் மூட்டை வைக்கலாமா?" என்று அவள் கேட்டது இயக்குநர் காதில் விழுந்தது.

"நானும் மூட்டையும் ஒண்ணா?" என்று அவரே உள்ளே போய் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து அலுவலகம் லிஃப்டுக்குள் நடந்தது. கையெழுத்துக்குக் காகிதம் இடுக்கு வழியாகப் போகும். குறை சொல்ல வந்தவர்கள் காலணிகளைப் பார்த்துப் பேசத் தெரியாமல் திரும்பினார்கள். அந்த நிம்மதியில் அவருக்குக் கோபமே வருவதில்லை. ஒருமுறை கியூபிட்கள் மறுபடி முரண்டு பிடித்தபோது, அக்கா அவர் மனைவிக்குப் போன் செய்தாள்.

"சார் ஏதாவது இளைச்சிட்டாரா மேடம்?"

"டாக்டர் சொன்னார்னு ராத்திரி சாப்பாட்டைக் குறைச்சேன்."

"தயவுசெஞ்சு வயிறார போடுங்க மேடம்."

கடைசியில் காந்தப்புலத்தைத் தடுக்கும் உலோகக் கூண்டு ஒன்று வந்தது. கலத்தைச் சுற்றிப் பொருத்தியதும், லிஃப்ட் ஓடினாலும் கியூபிட்கள் அசையவில்லை. தம்பி லிஃப்டை இறக்கினான். இயக்குநர் மனமில்லாமல் வெளியே வந்து, ஆய்வுக்கூடத்துத் திரையைப் பார்த்தார். அயனிகள் ஒளிப்புள்ளிகளாக, யார் தொந்தரவுமின்றி வரிசையாக நின்றன.

"கொடுத்து வச்சதுங்க" என்றார். பெருமூச்சுவிட்டுத் தன் அறைக்கு நடந்தார். வாசலில் குறை சொல்ல ஏற்கெனவே ஒரு கூட்டம் நின்றது.