நண்டு பிழைத்தால் வேலை பிழைக்கும்

விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகத்தில் செத்ததைக் கெடாமல் வைத்திருப்பது சுலபம். உயிரோடு இருப்பதைச் சாகாமல் வைத்திருக்கச் சொன்னால்தான் தூக்கம் போய்விடும். கையில் ஃபார்மலின் நாற்றத்தோடு பஸ் ஏறி, பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு வேறு இடம் தேடிப் போவதைப் பார்த்தவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். நமக்குள் என்ன ஒளிவு மறைவு? பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் தாம்பரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர், லேபில் செய்முறை சொல்லிக்கொடுப்பவள். எங்கள் துறைத் தலைவி ராஜலட்சுமி மேடம், விலங்கியலில் பட்டப்படிப்பு தொடங்க அனுமதி கேட்டு விண்ணப்பித்திருந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து கமிஷன் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லும். அனுமதி கிடைத்தால் எனக்கு வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஏப்ரலோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்பா போய்விட்டார், தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். எங்கள் வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது ஒன்றுதான்.

இந்த லட்சணத்தில் மேடம் விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டார்: உயிருள்ள துறவி நண்டுகளுடன் கடல்நீர்த் தொட்டி உள்ளது. இந்த நண்டுக்குப் பின்பாதி உடம்பில் ஓடு கிடையாது. கடலில் கிடக்கும் காலிச் சங்கு எதிலாவது புகுந்துகொண்டு, அதைச் சுமந்தபடியே திரியும். வளர வளரப் பெரிய சங்காகப் பார்த்துக் குடிமாறும். வாடகை வீட்டில் இருந்தவள் என்பதால் அதன் கஷ்டம் எனக்குப் புரிந்தது. ஆனால் எங்களிடம் நண்டும் இல்லை, தொட்டியும் இல்லை. தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "எழுதியாச்சு கிரேஸ், இனிமே அதை உண்மையாக்க வேண்டியது உன் பொறுப்பு."

அம்மாவின் செப்புக் குடம்

மூர்மார்க்கெட்டிலிருந்து கண்ணாடித் தொட்டி வந்து சேர்ந்தது. அடுத்து கடல் வேண்டும். லேபில் அட்டெண்டராக இருந்த கன்னியப்பனும் நானும் கோவளத்துக்குப் போவதென்று முடிவானது. வீட்டில் பிளாஸ்டிக் வாளி ஒன்று புதிதாக வந்திருந்தது. அதை எடுத்தேன். அம்மா பிடுங்கி வைத்துவிட்டாள். "குளிக்கிற வாளியிலயா உயிருக்குத் தண்ணி கொண்டு வருவே?" என்று அவளுடைய கல்யாணச் சீரான செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கையில் கொடுத்தாள்.

கோவளத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். தின்ன முடியாததை இவள் எதற்குக் கேட்கிறாள் என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மணலும் காலிச் சங்குகளும் பொறுக்கிக்கொண்டோம். குடம் நிறையக் கடல் வந்தது. மறுநாள் லேபைத் திறந்தால் ஒரு நண்டும் அசையவில்லை. என் வேலையே அந்தத் தொட்டிக்குள் செத்துக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. மேடம் தடித்தடியாகப் புத்தகங்களைப் புரட்டி, செம்பு பட்ட தண்ணீர் இந்தப் பிராணிகளுக்கு விஷம் என்று கண்டுபிடித்தார். வீட்டுக்கு வந்து அழுகையும் ஆத்திரமுமாகச் சொன்னேன். அம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "செம்புல வெச்ச தண்ணி உடம்புக்கு நல்லதுன்னு ஊரே சொல்லுது, உன் நண்டுக்கு மட்டும் என்னவாம்?"

ஊறுகாய் ஜாடியில் கடல்

இரண்டாம் முறை பீங்கான் ஊறுகாய் ஜாடிகளோடு போனோம். கல்லூரி விடுதிச் சமையலறையில் கெஞ்சி வாங்கியவை. எவ்வளவு கழுவியும் எலுமிச்சை வாசனை போகவில்லை. அது வேறு ஒரு கவலை. ஜாடிகளின் வாயைத் துணியால் கட்டி, மடியில் ஒன்றும் காலடியில் மீதியுமாக பஸ்ஸில் உட்கார்ந்தோம். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் சாலை எப்படி இருந்தது என்று அந்தக் காலத்தில் போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொஞ்சம் கடல் என் புடவையில் கொட்டியது. ஜாடிக்குள் நண்டுகள் என்ன ஆயினவோ என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடி வந்து நின்றார். "இன்னாம்மா, மாங்கா ஊறுகாயா?" என்றார். கடல் தண்ணீர் என்றேன். நம்பாமல் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் அஷ்டகோணலாயிற்று. அப்புறம் என்னை இரக்கத்தோடு பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னார்: "தாம்பரத்துல தண்ணிக் கஷ்டம்னு கேட்டுக்கீறேன்மா, அதுக்காவ இத்தயா குடிக்கப் போறீங்கோ?"

அடக்கம் செய்யப்பட்டவர்

இந்த முறை நண்டுகள் பிழைத்தன. இறால் துண்டைக் கிள்ளிப் போட்டால் சங்கை இழுத்துக்கொண்டு ஓடி வந்தன. பெரியதாக ஒன்று, நடுத்தரமாக இரண்டு. ஆனால் எனக்கு நிம்மதி என்பதே இல்லை. காலையில் லேப் கதவைத் திறந்ததும் பையைக்கூட வைக்காமல் தொட்டியிடம் ஓடுவேன். ஒருநாள் நான் பயந்தபடியே ஆயிற்று. பெரிய நண்டு சங்கை விட்டு வெளியே, காலும் கொடுக்குமாக மல்லாந்து கிடந்தது. கமிஷன் தேதி அதற்கு முந்தின நாள்தான் அறிவிப்புப் பலகையில் ஏறியிருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கன்னியப்பனுக்கு மனசு கேட்கவில்லை. அதை ஒரு காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய்க் குரோட்டன்ஸ் செடி அடியில் புதைத்து, மேலே ஒரு செம்பருத்தியும் வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் அந்தக் காலிச் சங்கை எடுத்து வைக்கலாம் என்று கை விட்டேன். சங்கு என் விரலைக் கிள்ளியது. நண்டு வளரும்போது மேல்தோலை அப்படியே முழு நண்டு உருவில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் என்பது பாடத்தில் படித்ததுதான், நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். பயம் வந்தால் பாடம் எங்கே ஞாபகம் வருகிறது? நான் சிரிப்பும் அழுகையுமாகக் கன்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் சங்கைப் பார்த்தான், ஜன்னல் வழியே குரோட்டன்ஸ் செடியைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "அப்போ நேத்து நான் பொதைச்சது யாரை மிஸ்?"

லாரி ட்யூப்

தொட்டித் தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன மின்சார பம்பு வைத்திருந்தோம். அந்த நாளில் தாம்பரத்தில் கரண்ட் இருக்கும் நேரத்தைவிட வரப்போகும் நேரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவோம். விசிறி நின்றால் மற்றவர்களுக்கு வேர்க்கும். எனக்கு மூச்சே நின்றுவிடும். கடைசியில் ஒரு பழைய லாரி ட்யூப்பில் காற்றடைத்து, அதன் வாயில் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை மாட்டி, திருகியைக் கொஞ்சமாகத் திறந்து வைத்தேன். குமிழி ஒழுங்காக வந்தது. ட்யூப் இளைக்க இளைக்கக் கன்னியப்பன் சைக்கிள் பம்பால் அடித்து நிரப்புவான்.

கமிஷன் வருவதற்குள் எல்லாத் துறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று பிரின்சிபால் மதர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். கரண்ட் இல்லை. ட்யூப் மேஜை மேல் உப்பிக் கிடக்க, கன்னியப்பன் மூச்சிரைக்க அடித்துக்கொண்டிருக்க, நான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "மிஸ் கிரேஸ், இது ஆஸ்பத்திரியா, பஞ்சர் கடையா?"

உண்டியல்

தொட்டிக்குப் பெயர்ப் பலகை வேண்டும் என்றார் மேடம். "துறவின்னா யாருக்கு மிஸ் புரியும்?" என்று கன்னியப்பன் தானாகவே மாற்றி, சந்நியாசி நண்டு, தொடாதீர்கள் என்று எழுதி மாட்டினான். யாரும் தொடவில்லை. அது வரைக்கும் சரி.

கமிஷன் வருவதற்கு முந்தின நாள் அரைப் பரீட்சை ஆரம்பம். நான் பரீட்சைக் கூடத்தில் காவல் நின்றுவிட்டேன், லேப் பக்கமே போக முடியவில்லை. கமிஷன் வரும் நாள் காலையில் தொட்டியைக் குனிந்து பார்த்தால் மணலில் ஏதோ மினுமினுத்தது. செப்புக் காசுகள். அங்கங்கே, சங்குக்கு முன்னால் தட்டில் வைத்தமாதிரி. பரீட்சைக்குப் போகிற வழியில் பிள்ளைகள் சந்நியாசியிடம் வேண்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆற்றைக் கண்டால் ரயிலிலிருந்தே காசு வீசுகிற ஜனங்கள், தண்ணீருக்குள் சாமியார் உட்கார்ந்திருந்தால் சும்மா விடுவார்களா? நண்டுகள் மூன்றும் சங்குக்குள் ஒடுங்கிக் கிடந்தன. இறால் போட்டேன், அசைவில்லை. அம்மாவின் குடமும் ஏப்ரல் மாதமும் மாறி மாறிக் கண்ணில் வந்தன.

நல்லவேளையாக ஸ்டோர் ரூமில் ஒரு ஜாடி கடல் தண்ணீர் மிச்சம் இருந்தது. எனாமல் பேஸின் ஒன்றைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஊற்றி, நண்டுகளை மாற்றி, லாரி ட்யூப்பின் குழாயை அதில் விட்டேன். கரண்டும் அன்றைக்குப் பார்த்து இல்லை. தொட்டித் தண்ணீரைக் கன்னியப்பனிடம் கொட்டச் சொல்லிவிட்டுக் காசுகளைப் பொறுக்கினேன். மேடம் ஓடி வந்தார். திட்டப் போகிறார் என்று பயந்து, "யார் போட்டாங்கன்னு விசாரிக்கிறேன் மேடம்" என்றேன். அவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். முகம் சிவந்துபோயிற்று. வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "அதுல அந்த ஓட்டைக் காலணா என்னுது கிரேஸ், கமிஷன் நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டப்போ அது செம்புன்னு தோணவே இல்லை."

கமிஷன்

கமிஷன் என்பது மூன்று பேர். தலைவர் நரைத்த தலை, கோட்டு, சிரிக்காத முகம். காலித் தொட்டியைப் பார்த்தார், பேஸினைப் பார்த்தார், லாரி ட்யூப்பையும் பார்த்தார். "தொட்டின்னு எழுதியிருக்கே?" என்றார். மேடம்தான் சமாளித்து, பக்கத்து அறையில் இருக்கும் எலும்புக்கூடுகளைக் காட்டுவதாக எல்லாரையும் அழைத்துப் போனார். மற்ற இருவரும் போய்விட்டார்கள். தலைவர் மட்டும் நின்றுவிட்டார்.

அப்போதுதான் பெரிய நண்டு மெதுவாக மீசையை நீட்டியது. பிறகு கண்கள், பிறகு ஒரு கால். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தலைவர் குனிந்து, "பலகையில சந்நியாசின்னு போட்டிருக்கே, இதுதானா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார். கோட்டுப் பைக்குள் கை போயிற்று. வெளியே வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு செப்புக் காசு. கண்ணை மூடிக்கொண்டு கையைப் பேஸினுக்கு மேல் நீட்டிவிட்டார்.

நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். "போடாதீங்க சார், செத்துடும்!" என்று கத்தியும்விட்டேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்த மேடம், நான் கமிஷன் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சுவரில் சாய்ந்துவிட்டார். என் வேலை அதோடு போயிற்று என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பிடியை விடத்தான் தோன்றவில்லை, காசு இன்னும் அவர் விரலில் இருந்தது.

அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். "பொண்ணுக்கு ரெண்டு வருஷமா வரன் தகையலைம்மா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி முணுமுணுத்துவிட்டுக் காசைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அப்புறம் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேடத்தைப் பார்த்துப் பழைய குரலில் சொன்னார்: "தொட்டி காலி, தண்ணி பேஸின்ல, காத்து லாரி ட்யூப்ல, ஆனா நண்டைப் பாத்துக்க ஆள் இருக்கும்மா, அதை எழுதிக்கறேன்."

அனுமதியும் வந்தது, என் வேலையும் நிரந்தரமாயிற்று. ஆனால் தண்ணீர்ப் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது சட்டைப் பைக்குள் கைவிட்டால் என் கை தானாக அவர் மணிக்கட்டுக்குப் போவது மட்டும் இன்றுவரை நிற்கவில்லை.