முக்காடு நழுவாத மனிதர்

எங்கள் பட்டுக்கடையில் தலையில் போட்ட முந்தானை நழுவாத ஒரே ஆம்பளை பரமசிவம் அண்ணன்தான். வடக்கிலிருந்து கல்யாணப் பார்ட்டி வந்தால் முக்காடு எப்படி இருக்கும் என்று பார்க்காமல் புடவை எடுக்க மாட்டார்கள். போட்டுக் காட்ட வேண்டியது சேல்ஸ்மேன். ஜரிகை கனத்தில் மற்றவர்கள் தலையிலிருந்து அது வழுக்கிக்கொண்டு ஓடும். அண்ணனுக்குக் காது இரண்டும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும். முந்தானையை அதன் பின்னால் செருகிவிட்டு இரண்டு கையையும் வீசி நடப்பார். பார்ட்டி விழுந்து விழுந்து சிரிக்கும், பிறகு வாங்கும். பில் போடுகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

அந்தக் காதால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மகள் ஜோதிகாவுக்கு. அப்படியே அப்பா காது. பள்ளிக்கூடத்தில் இரட்டைச் சடை கட்டாயம் என்பதால் மறைக்க வழியில்லாமல் பேச்சு வாங்கியே படித்து முடித்தாள். ஏனாத்தூரில் காலேஜ் சேர்ந்ததும் முடியை விரித்துவிட்டுக்கொண்டாள். தோழிகளோடு கடை வாசலைத் தாண்டிப் போவாள், உள்ளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவரைப் பார்த்தால் தன் காது ஞாபகத்துக்கு வந்துவிடுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒரு தபா உள்ள வந்து அப்பான்னு கூப்ட்டா போதும், சுகாசினி. வேற இன்னா கேக்கப் போறேன்?" என்பார் அண்ணன்.

காதை ஆபரேஷன் செய்து ஒட்ட வைக்கலாம் என்று கண்டுபிடித்தவள் ஜோதிகாதான். சென்னையில் டாக்டர் பார்த்தார். காதுக்குப் பின்னால் கீறி, மடித்து, தையல் போடுவோம் என்றார். கீறி என்றதும் பெண்ணுக்கு நடுக்கம் வந்துவிட்டது.

"நான் மொதல்ல பண்ணிக்கிறேன். வலிச்சா சொல்றேன், நீ வேணாம்னு சொல்லிடு" என்றாராம் அப்பா.

"ஒங்களுக்குப் பைத்தியமாண்ணே?" என்று கடையிலேயே கத்தினேன்.

"கேக்குற காது உள்ள இருக்குதும்மா. வெளிய இருக்கறது சும்மா" என்றார்.

தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். மகளிடம் எறும்பு கடித்த மாதிரிதான் என்று சொல்லியிருந்தார். என்னிடம், எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றார். எறும்புக் கதையை நம்பி அவளும் செய்துகொண்டாள்.

அண்ணனுக்குக் கட்டு அவிழ்ந்தது. காது லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளி காசிநாதன் குதித்தார். "யாரக் கேட்டுய்யா பண்ண?" என்றார், காதும் கடைச் சரக்கு என்பதுபோல. அடுத்த பார்ட்டிக்கு முக்காடு போட்டபோது புடவை தரையில் விழுந்தது. கிளிப் மாட்டிப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை, விலை அதிகம் என்று எழுந்து போனார்கள். தீபாவளிக்குள் அண்ணனை வேட்டி செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். வேட்டிக்கு முக்காடு கிடையாது.

ஒரு சனிக்கிழமை ஜோதிகா போனிடெயில் போட்டுக்கொண்டு, தோழிகளோடு படியேறி நேராக உள்ளே வந்தாள்.

"அப்பா!"

கடையே திரும்பியது. அண்ணன் தோளில் வேட்டியோடு அப்படியே நின்றார். "வாம்மா" என்றார்.

தோழி ஒருத்தி இவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒங்கப்பாவாடி? ஜாடையே இல்லியே!"

எனக்கு அந்தப் பெண்ணை ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருந்தது. அண்ணன் கை தானாகக் காதுக்குப் போனது. ஒட்டியிருந்த காதைத் தடவிக்கொண்டே, "அவங்கம்மா மாதிரிம்மா" என்று சிரித்து வைத்தார்.

ஜோதிகா சிரிக்கவில்லை. "கொஞ்சம் குனிப்பா" என்றாள். குனிந்தார். அவர் காதை முன்னால் மடக்கி, பின்னால் இருந்த தையல் தழும்பைக் காட்டினாள். திரும்பி நின்று தன் காதையும் மடக்கினாள்.

"நல்லாப் பாருடி. எனக்காவ எங்கப்பா மொதல்ல பண்ணிக்கினாரு."

தோழிகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் காதை விட்ட பிறகும் அண்ணன் நிமிரவில்லை. கீழே விழாத வேட்டியைத் தரையில் தேடிக்கொண்டிருந்தார். நான் பில்லைத் தப்பாகப் போட்டு, முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.