கப்பல் கட்டிடத்தின் முனை

1. மூன்றாவது குச்சி

நான் அடித்து வைத்த முளைக்குச்சியின் மேல் மூன்றாவது தடவையாக லாரி ஏறியது. டேப்பைக் கீழே போட்டுவிட்டு டிரைவரிடம் கத்தினேன்.

"கண்ணு பொடனியிலயா இருக்கு? கயிறு கட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு வெச்சிருக்கேன். தெரியலையா?"

டிரைவர் பழனிவேலு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு நிதானமாகப் பதில் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஏழு வருசமா இந்தச் சந்துல வண்டியத் திருப்பிட்டிருக்கறனுங்க. ஒரு கோழிக்குஞ்சு மேலகூட ஏத்துனதில்லீங்க. நான் வழி மாறி வரலை, உங்க குச்சிதானுங்க வழியில வந்து நிக்குது."

இது நடந்தது எழுபதுகளின் கடைசியில், நாமக்கல்லில், நல்ல சித்திரை வெயிலில். சேலத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் நான் டிராப்ட்ஸ்மேன். முதல் மூன்று வருடம் டிரேசிங் மட்டும்தான் எடுத்தேன். அப்புறம் நான்கு வருடம் சார் சொல்லச் சொல்ல வரைந்தேன். என் சொந்த யோசனையில் ஒரு கட்டிடம் முழுவதையும் வரைய சார் அனுமதித்தது அந்த வருடம்தான். தாளின் வலது மூலையில் டைட்டில் பிளாக் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'டிசைன்' என்ற இடத்தில் முதல் தடவையாக என் இனிஷியல் போட்டிருந்தேன். அந்த பிரிண்ட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் என் மனைவி ஸ்டெல்லாவிடம் காட்டினேன். "இதுல வாசல் எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் அப்போது கோபம் வந்தது.

அந்த டிசைனைக் கட்டுவதற்காக இடிக்கப்போவது எதை என்று சொல்ல வேண்டும்.

2. கடல் பார்க்காத ஊரில் ஒரு கப்பல்

மெயின் ரோடும் ஒரு சந்தும் சேரும் முனையில் அந்தக் கட்டிடம் இருந்தது. கீழே லாரி புக்கிங் ஆபீஸ், மேலே குடியிருப்பு, பின்னால் லாரி ஷெட். ஓனர் பெயர் சின்னசாமி. அவருடைய அப்பா நாற்பதுகளில் பஸ் ஓட்டிச் சம்பாதித்துக் கட்டியது. ஊர்க்காரர்கள் அதைக் கப்பல் கட்டிடம் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேர் மேட்டூர் டேம் தண்ணீரைத் தாண்டி எதையும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

முனை கூராக இல்லாமல் வளைந்து திரும்பும். அந்த வளைவோடு சேர்ந்து சன்ஷேடும் ஒரே ஓட்டமாக இரண்டு பக்கமும் சுற்றிப் போகும். அதன் கீழே சுவரில் மூன்று பட்டைக் கோடுகள். மாடியில் வட்ட ஜன்னல்கள், இரும்புக் குழாயில் கைப்பிடி. நெற்றியில் படிப்படியாக உயர்ந்து ஒரு சின்ன கோபுரம், அதன் நடுவில் கொடிக்கம்பம். கம்பி ஜன்னல்களில் உதயசூரியனின் கதிர் மாதிரி விரியும் டிசைன். இந்தப் பாணிக்கு ஆர்ட் டெகோ என்று பெயர். அதெல்லாம் பிற்பாடு ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'பழசு'.

நான் வரைந்தது மூன்று மாடிப் பெட்டி. எல்லாக் கோடும் தொண்ணூறு டிகிரி. வெளியே நீட்டிக்கொண்டு எதுவும் இருக்கக் கூடாது என்று சன்ஷேடைக்கூட எடுத்துவிட்டேன். "மெட்ராஸ்ல இப்ப இப்படித்தான் கட்றாங்க" என்பார் சார். டி-ஸ்கொயரும் செட் ஸ்கொயரும் இருந்தால் மூன்று நாளில் பிளான், எலிவேஷன் எல்லாம் முடிந்துவிடும்.

பழைய கட்டிடத்தை அளந்தபோது ஒன்று கவனித்தேன். முனையின் வளைவு எந்த வட்டத்திலும் அடங்கவில்லை. மெயின் ரோடு பக்கம் நீளமாக, சோம்பலாக ஆரம்பித்து, சந்து பக்கம் வரும்போது சட்டென்று இறுகுகிறது. எங்கே மையம் வைத்தாலும் பொருந்தவில்லை. அளவுகளைக் குறித்துக்கொள்ளும் பீல்டு புக்கில் இப்படி எழுதினேன்: 'வளைவு ஒழுங்கில்லை. கொத்தனார் பிழை.' எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த வயதின் திமிர் அது.

எங்கள் ஆபீசுக்கு ஒரு வழக்கம் உண்டு. இடிப்பதற்கு முன்பே புதுக் கட்டிடத்தின் முனையை மட்டும் தரையில் மார்க் செய்து ஓனருக்குக் காட்டிவிட வேண்டும். தன் இடம் இவ்வளவு கூடுகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் ஓனர் மனம் மாற மாட்டார் என்பது சாரின் கணக்கு. அந்த மார்க்கிங் குச்சியைத்தான் பழனிவேலு மூன்று தடவை மிதித்தார்.

3. சுண்ணாம்புக் கூடை

நான் போட்ட சத்தத்தில் மாடி ஜன்னல் திறந்தது. எட்டிப் பார்த்தது சின்னசாமியின் அக்கா பாப்பாத்தி. ஐம்பது வயதை நெருங்கியவர். கணவர் காலமான பிறகு அந்த மாடியில்தான் குடியிருந்தார். இடிக்கிற விஷயத்தில் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"ஏனுங்க, எதுக்கு அந்தப் பையனப் போட்டு வெய்யறீங்க?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தார். குச்சியைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். "இதென்னங்க இது?"

"புதுக் கட்டிடத்தோட முனைங்க அம்மா."

"இங்க முனை வந்தா வண்டி எப்புடிங்க திரும்பும்? பறந்து போகுமா?"

நான் விடவில்லை. பழைய வளைவே கோணல், கொத்தனார் தப்பாகக் கட்டியிருக்கிறார் என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"கொத்தனாரு தப்புங்களா? நல்லாருக்குது போங்க! அந்த வளவக் கொத்தனாரு போடலைங்க. எங்கய்யன் பஸ்ஸு போட்டுது."

எனக்குப் புரியவில்லை. அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முதல் நாள், அவருடைய அப்பா தன் பஸ்ஸை மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் மெதுவாகத் திருப்பச் சொல்லியிருக்கிறார். பஸ்ஸின் பின்படியில் அப்போது சிறுமியாக இருந்த பாப்பாத்தி உட்கார்ந்திருக்கிறார். கையில் அடி ஓட்டையான கூடை, கூடை நிறையச் சுண்ணாம்புத் தூள். பின்சக்கரம் போன வழியெல்லாம் தரையில் வெள்ளைக் கோடு விழுந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தக் கோட்டிலிருந்து நாலடி உள்ளே தள்ளித்தான் வானம் தோண்டினார்களாம்.

"மூஞ்சியெல்லாம் சுண்ணாம்பு. ரெண்டு நாளு கண்ணு எரிச்சல் தாங்கல. அந்தக் கோட்டத்தான் நீங்க கோணலுங்கறீங்க."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு வண்டி திரும்பும்போது முன்சக்கரம் ஒரு வழி போகும், பின்சக்கரம் அதற்கு உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முதலில் மெதுவாக, அப்புறம் இறுக்கமாக. நான் அளந்த வளைவு அதேதான். எந்த வட்டத்திலும் அடங்காததற்குக் காரணம் அது சக்கரத்தின் வழி என்பதுதான். சன்ஷேடு நீட்டிக்கொண்டிருந்தும் எந்த லோடும் அதில் இடிக்காமல் போனதற்கு அந்த நாலடிதான் காரணம்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கட்டிடத்துக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. உள்ளே புக்கிங் கிளார்க் மேசை மேல் தாள்கள் படபடத்தன. ஃபேன் ஓடவில்லை. வட்ட ஜன்னல் வழியாக வந்த காற்று, மேலே இருந்த வென்டிலேட்டர் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சன்ஷேடின் நிழல் மேற்குச் சுவரை முழுக்க மூடியிருந்தது. என் பெட்டியில் இந்த மேற்குச் சுவர் மத்தியானம் இரண்டு மணிக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதில் உட்கார்ந்து வேலை செய்யப்போகிற கிளார்க்கை நினைத்தால் பாவமாக இருந்தது. இவ்வளவும் செய்துவிட்டுத்தான் அந்தக் கட்டிடம் அழகாகவும் நின்றது. நான் அன்றைக்கு அந்தக் கட்டிடத்தின் மேல் ஆசைப்பட்டுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

4. நீங்களே சொல்லுங்க

மறுநாள் சார் காரில் வந்தார். அக்ரிமென்ட்டில் ஓனர் கையெழுத்துப் போட வேண்டிய நாள். கடப்பாரை ஆட்களுக்கும் சொல்லியாகிவிட்டது.

சார் இடிக்கச் சொன்னதற்குக் காரணம் சன்ஷேடு. முனை வளைவில் கம்பி துருப்பிடித்துக் காரை விழ ஆரம்பித்திருந்தது. "அதை இனிமே எவனாலயும் கட்ட முடியாது. வளைவுக்கு சென்டரிங் அடிக்கிற ஆளே இல்ல" என்று சார் ஓனரிடம் சொல்லியிருந்தார்.

நான் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, முனையில் லாரி திரும்பாது என்றேன்.

"அவ்வளவுதானே? முனையை நாலடி வெட்டிவிடு. நாளைக்கே ரிவைஸ் பண்ணிடலாம்."

"சார், அப்புறம் மேற்கு வெயில்..."

"ஸ்கிரீன் போட்டுக்குவாங்க. ஏன்யா, உன் முதல் டிசைன். நீயே கெடுத்துக்காதே."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தாள் போனால் என் இனிஷியலும் போகும். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன்.

பேனாவைத் திறந்த சின்னசாமி கையெழுத்துப் போடவில்லை. என்னைப் பார்த்தார்.

"தம்பி, ராத்திரியெல்லாம் அக்கா என்னையத் தூங்க உடலைங்க. நீங்கதானுங்களே பிளான் போட்டீங்க? நீங்களே சொல்லுங்க. இந்த ரெண்டுல எது நல்ல கட்டிடம்?"

சார் என் முகத்தையே பார்த்தார். மழுப்பியிருக்கலாம். இரண்டும் நல்லதுதான் என்று சொல்லியிருக்கலாம். அப்போது வெளியே சன்ஷேடு நிழல் தரையில் வளைந்து விழுந்திருந்தது கண்ணில் பட்டது.

"பழசுதாங்க," என்றேன்.

"உடைஞ்ச சன்ஷேடை யாரு கட்றது?" என்று கேட்டார் சார். சத்தம் போடவில்லை, அமைதியாகத்தான் கேட்டார்.

அதற்கும் பதில் வைத்திருந்தேன். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது, வழியில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையைப் பார்த்திருந்தேன். தங்கராசு என்ற பாடி பில்டர், கேபினின் நெற்றி வளைவுக்குத் தகட்டை வளைத்துக்கொண்டிருந்தார். நாமக்கல்லில் வளைவுக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் ஊரைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். கான்கிரீட்டைத் தாங்கும் சென்டரிங்குக்கு வீடு கட்டும் ஆசாரிகள் நேர்ப்பலகையைத் துண்டு துண்டாக அடித்தால் வளைவு முறுக்கு உடைந்த மாதிரி வரும். லாரி பட்டறைக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தங்கராசுவை அழைத்து வந்து காட்டினோம். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவுதானுங்களா? வாரத்துக்கு ரெண்டு கேபின் இதவிடக் கஷ்டமா வளைக்கறனுங்க. அட்டையில அச்சு எடுத்துக் குடுங்க, தகடு அடிச்சுத் தாரேன்."

அக்ரிமென்ட்டை மடித்துச் சாரிடமே கொடுத்துவிட்டார் சின்னசாமி. பாப்பாத்தி அக்கா எல்லோருக்கும் மோர் கொடுத்தார். எனக்கு மட்டும் இரண்டாவது டம்ளர்.

துருப்பிடித்த பகுதியைக் கொத்தி எடுத்து, புதுக் கம்பி கட்டி, தங்கராசுவின் தகட்டை அடியில் முட்டுக்கொடுத்து கான்கிரீட் போட்டோம். தகட்டைப் பிரித்த அன்று பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. பழனிவேலு லாரியைத் திருப்பிக் காட்டினார். ஹாரனை இரண்டு தடவை அடித்துவிட்டு ஷெட்டுக்குள் போனார்.

5. திருப்பிப் போட்ட டிரேசிங்

கதை இங்கே முடிந்திருந்தால் என்னைப் பற்றி நானே பெருமையாக எழுதியதாக ஆகியிருக்கும். முடியவில்லை.

சார் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. இரண்டு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு நாள் என் பழைய டிரேசிங்கைச் சுருட்டி மேசை மேல் வைத்தார். அதே ரோட்டில் எதிர்ப் பக்க முனையில் காலி இடம் வைத்திருந்த ஒருவர் பிளான் கேட்டிருந்தார்.

"திருப்பிப் போட்டா அந்த முனைக்குச் சரியா உட்காரும். எழுத்தை மட்டும் சுரண்டிட்டு மறுபடி எழுது."

டிரேசிங் தாள் மறுபக்கமும் தெரிகிற தாள், கவிழ்த்தால் இடது வலதாகும். பிளேடால் மையைச் சுரண்டிவிட்டு எழுத்தை மறுபடி எழுதினால் புதுப் பிளான் ரெடி. எங்கள் காலத்தில் இது சாதாரண வேலை. முனையை வெட்டலாமா என்று ஒரு தடவை கேட்டேன். அந்த ஓனர், "நாலடி போனா ஒரு கடை போச்சுங்க" என்றார். இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு வேலையில் வாய் திறந்ததற்கே இரண்டு மாத மௌனம் பார்த்தவன் நான். சுரண்டினேன், எழுதினேன், டைட்டில் பிளாக்கில் இனிஷியலும் போட்டேன்.

அந்தக் கட்டிடம் வந்தது. எண்பதுகளின் நடுவிலேயே லாரி இடித்து அதன் முனை உடைந்துவிட்டது. பூசினார்கள், மறுபடி உடைந்தது. மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் அடித்தார்கள். கடைசியில் முனைக்கு முன்னால் ரயில் தண்டவாளத் துண்டு ஒன்றை நட்டு வைத்தார்கள். அதையும் லாரிகள் சாய்த்துவிட்டன. மேற்குப் பக்கம் எல்லா ஜன்னலிலும் சாக்குப் படுதா தொங்கியது. எதிரே கப்பல் கட்டிடத்தின் வளைவில் ஒரு கீறல் கிடையாது.

அதற்குப் பிறகு சொந்தமாக ஆபீஸ் வைத்து நிறைய கட்டிடங்கள் வரைந்துவிட்டேன். சன்ஷேடு இல்லாமல் ஒன்றுகூட வரையவில்லை. தெரு முனையில் இடம் என்றால் அங்கே எந்த வண்டி எப்படித் திரும்புகிறது என்று நின்று பார்க்காமல் பென்சிலைத் தொட்டதில்லை. கோணலாகத் தெரிகிற எதையும் பிழை என்று எழுதுவதற்கு முன்னால் அந்தத் தெருவில் இருப்பவர்களிடம் காரணம் கேட்டுவிடுவேன். இப்போது கம்ப்யூட்டரில் வரைகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் பழைய பீல்டு புக் இன்னும் என்னிடம் இருக்கிறது. போன மாதம் எடுத்து, அந்த அடிக்கோடு போட்ட வரியை அடித்துவிட்டேன். அதே பக்கத்தில், எதிர் முனைக் கட்டிடத்துக்காக இன்னொரு வரி எழுதினேன்: 'முனை ஒழுங்கில்லை. டிராப்ட்ஸ்மேன் பிழை.' கீழே என் இனிஷியலையும் போட்டேன்.